சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 ஏன் தடுக்கி விழுந்தது? பேர் வாங்கிய கேமுக்கு இரண்டாம் பாகம் எடுபடுமா?

நகரவரைவன்

நகரம் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் முதல் பாகம் 2015 மார்ச் 10-ல் வந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் சிம்சிட்டியைச் செய்த மேக்சிஸின் எமரிவில் ஸ்டுடியோவை இஏ நிறுவனம் மூடியிருந்தது. 2013 சிம்சிட்டி வெளியானபோது ஆட எப்போதும் இணைய இணைப்பு வேண்டியிருந்தது. ஒரு நகரத்துக்குக் கிடைத்த நிலமோ சுமார் 2 கி.மீ.க்கு 2 கி.மீ. நகரம் கட்டும் கேம் பிரியர்கள் பசியோடு இருந்த அந்த நேரத்தில், ஃபின்லாந்தின் டாம்பெரே நகரத்தில் இருக்கும் கொலோசல் ஆர்டர் என்ற பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஸ்டுடியோ வந்து இடத்தைப் பிடித்தது. 2022-க்குள் 1.2 கோடி பிரதிகள் விற்றன.

இரண்டாம் பாகம் 2023 அக்டோபர் 24-ல் கணினிக்கு வந்தது. வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே, செயல்திறனில் தாங்கள் குறிவைத்த அளவை எட்டவில்லை என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். கன்சோல் பதிப்பு 2024 வசந்தம், பிறகு அக்டோபர் என்று தள்ளிப்போய்க் கடைசியில் தேதியே இல்லாமல் நின்றது. 2025 நவம்பரில் வெளியீட்டு நிறுவனமான பாரடாக்ஸும் கொலோசல் ஆர்டரும் பிரிவதாகவும், 2026 தொடக்கத்திலிருந்து ஐஸ்ஃபிளேக் ஸ்டுடியோஸ் பொறுப்பேற்கும் என்றும் செய்தி வந்தது.

என் கருத்து: இரண்டாம் பாகம் போட்டி போட வேண்டியது 2023-ல் இருந்த முதல் பாகத்தோடு. எட்டு வருட டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி), ஸ்டீம் கடையின் ஒர்க்‌ஷாப்பில் விசிறிகள் ஏற்றிய லட்சக்கணக்கான மோட் (கேமை மாற்றும் துணை நிரல்), கட்டிட மாதிரிகள் எல்லாம் ஏறிக் கொழுத்த பாகம் அது. முதல் பாகத்துக்கு சைக்கிள் 2015 செப்டம்பரிலேயே, ஆஃப்டர் டார்க் டிஎல்சியோடு வந்துவிட்டது. இரண்டாம் பாகம் வெளியானபோது சைக்கிளே கிடையாது. வாங்கியவர் கண்ணில் முதலில் படுவது எது இல்லை என்பதுதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதும் எந்த இரண்டாம் பாகமும் இந்தக் கடனோடுதான் பிறக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஷேடர் செல்வன்

கடன் என்பது சரி. ஆனால் முதல் நாள் மக்கள் கொந்தளித்தது சைக்கிளுக்காக இல்லை, ஃபிரேம் ரேட்டுக்காக, அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பதற்காக. அதன் காரணத்தைத் தெளிவாகப் பேசுவோம், ஏனென்றால் "யூனிட்டி எஞ்சினே சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை 16.6 மில்லிசெகண்டில் வரைந்து முடிக்க வேண்டும். நகர கேமில் கேமரா எங்கே வேண்டுமானாலும் போகும், திரையில் ஆயிரக்கணக்கான பொருட்கள் இருக்கும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று நான்கு தரத்தில் மாதிரி வைத்திருப்பார்கள். அருகில் வந்தால் முழு மாதிரி, தள்ளிப் போனால் பத்தில் ஒரு பங்கு முக்கோணம், இன்னும் தள்ளிப் போனால் வெறும் பெட்டி. இதுதான் எல்ஓடி. இரண்டாம் பாகத்தின் வெளியீட்டுப் பதிப்பில் பல பொருட்களுக்கு இந்தக் குறைந்த தர மாதிரி இல்லவே இல்லை. ஒரு மரக்கட்டை அடுக்கு மட்டும் ஒரு லட்சம் வெர்டெக்ஸுக்கு (முக்கோண முனைகளுக்கு) மேல். அது திரையில் நான்கு பிக்சல் அகலத்தில் தெரிந்தாலும் அந்த ஒரு லட்சமும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். பாதசாரிகளின் வாய்க்குள் பல் வரிசை இருந்ததும், மனித மாதிரிகளுக்கு எல்ஓடி இல்லாததும் வெளியே தெரிந்தபோது ஸ்டுடியோவே அதை ஒத்துக்கொண்டது.

சுமை இதோடு முடியவில்லை. நிழல் வரைய சூரியன் இருக்கும் திசையிலிருந்து காட்சியை மறுபடி வரைய வேண்டும். ஆக அதே முக்கோணங்கள் திரும்பவும் போகின்றன. கட்டிடத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதை வரையாமல் விடும் வழியும் அந்தப் பதிப்பில் இல்லை; கேமராவின் பார்வைக்கு வெளியே இருப்பதை மட்டும்தான் வெட்டினார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? யூனிட்டியின் புதிய என்டிட்டி முறையில் சிமுலேஷனை எழுதினார்கள். லட்சக்கணக்கான குடிமக்களை எல்லா பிராசஸர் கோர்களிலும் பிரித்து ஓட்ட அது அருமையான முறை. ஆனால் அந்த முறைக்கேற்ற வரைதல் பகுதி யூனிட்டியில் முழுசாகப் பழுக்கவில்லை. எனவே சிமுலேஷனையும் யூனிட்டியின் உயர்தர வரைதல் பைப்லைனையும் இணைக்கும் வேலை ஸ்டுடியோ தலையிலேயே விழுந்தது. முப்பது பேர் அளவிலான ஒரு குழு அதைச் செய்துகொண்டே கேமையும் முடிக்க வேண்டியிருந்தது. புதிய கேமோ இரண்டாம் பாகமோ, பாதி வெந்த எஞ்சின் பகுதியை நம்பித் தேதி குறித்தால் இதுதான் நடக்கும்.

ஐ5வாசி

பொறுத்துக்கொள்ளுங்க அண்ணா, நடுவில் ஒரு கேள்வி. நடுத்தர கார்டில் இதை ஆடணும்னா என்னென்ன குறைக்கணும்?

ஷேடர் செல்வன்

இந்த வரிசையில் போங்கள் தம்பி. முதலில் ரெசல்யூஷன் 1080பி. அடுத்து டெப்த் ஆஃப் ஃபீல்டை முழுசாக ஆஃப். வால்யுமெட்ரிக்ஸ் ஆஃப். குளோபல் இல்யுமினேஷனைக் குறைந்தபட்சத்துக்கு. இந்த நான்கும் ஸ்டுடியோவே வெளியீட்டின்போது சொன்னவை. இதற்குப் பிறகும் திணறினால் லெவல் ஆஃப் டீடெய்லை ஒரு படி இறக்குங்கள், நிழல் தரத்தைக் குறையுங்கள். மோஷன் பிளர் கண்ணுக்கும் கெடுதி, எடுத்துவிடலாம். டெக்ஸ்சர் தரத்தைக் கடைசியாகத் தொடுங்கள்; கார்டின் மெமரி போதுமானதாக இருந்தால் டெக்ஸ்சர் ஃபிரேமைத் தின்னாது.

ஒன்று கவனியுங்கள். இதெல்லாம் கிராபிக்ஸ் பக்கம். நகரம் பெரிதானதும் மாட்டுவது பிராசஸர் பக்கம், அதற்கு இந்த கிராபிக்ஸ் செட்டிங்குகள் உதவாது.

மேம்பாலம்

அந்த பிராசஸர் பக்கத்தைப் பத்தி நான் சொல்றேன். ஏன்னா இரண்டாம் பாகத்தோட நல்ல விஷயமே அங்கதான் இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

முதல் பாகத்துல எல்லாத்துக்கும் கட்டாய உச்சவரம்பு உண்டு. ஒரே நேரத்துல தெருவுல நடமாடற ஆளுங்க 65,536. ஓடற வண்டி 16,384. இது நிரல்ல ஒதுக்கி வெச்ச பட்டியலோட (அரே) அளவு, மோட் போட்டும் சுலபமா தாண்ட முடியாது. மூணு நாலு லட்சம் ஜனத்தொகை வந்ததும் பஸ் ஸ்டாப்புல ஆள் வரமாட்டாங்க, ஏன்னா அந்த 65,536 இடமும் நிரம்பியிருக்கும். வாங்கக்கூடிய நிலம் 9 கட்டம், ஒவ்வொண்ணும் 1.92 கி.மீ. பக்கம் உள்ள சதுரம். 25 கட்டம் வரைக்கும் போக மோட் வேணும்.

இரண்டாம் பாகத்துல 441 சின்னக் கட்டம், மொத்தம் சுமார் 159 சதுர கி.மீ. ஆளுங்களுக்கு உச்சவரம்பு இல்ல, பிராசஸர் தாங்கற வரைக்கும் போகலாம். வண்டி வழி தேடறதும் வேற. முதல் பாகத்துல வண்டி கிளம்பும்போதே வழி முடிவாகிடும். முன்னாடி நெரிசல் வந்தாலும் மாறாது. ஆறு லேன் ரோட்டுல எல்லா லாரியும் ஒரே லேன்ல வால் பிடிச்சு நிக்கறதைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. இரண்டாம் பாகத்துல ஒவ்வொரு ஆளும் நேரம், பணம், வசதி, நடத்தைன்னு நாலையும் கூட்டிப் பார்த்து வழி எடுக்கறான். பார்க்கிங் கட்டணம் போட்டா மாணவன் வேற இடம் தேடிப் போவான், பணக்காரன் கட்டிட்டு நிப்பான். விபத்து நடந்தா பின்னாடி வர்ற வண்டி வேற வழி பார்க்கும்.

அதாவது முதல் பாகத்தோட அடித்தளக் குறையை நிஜமாவே ஒக்காந்து தீர்த்திருக்காங்க. நகரவரைவன் சொல்ற கடனுக்குப் பயந்து பழசு மேலயே கட்டியிருந்தா 65,536 அப்படியேதான் இருந்திருக்கும். முதலிலிருந்து எழுதாம வேற வழியில்ல.

நகரவரைவன்

மேம்பாலம், சிமுலேஷனை மறுபடி எழுதியதில் எனக்கும் குறையில்லை. ஆனால் எழுதிய சிமுலேஷன் வெளியீட்டில் வேலை செய்ததா? பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மானியம் என்ற ஒரு வரவு இருந்தது. நகரம் எவ்வளவு நஷ்டத்தில் போனாலும் அது வந்து தாங்கிக்கொள்ளும். தப்பு செய்தாலும் தண்டனை கிடையாது. வாடகையிலோ நேர் எதிர்: நில மதிப்பு கட்டுக்கடங்காமல் ஏறி, நல்ல வேலையில் இருப்பவர்கள் தலைக்கு மேலெல்லாம் "வாடகை அதிகம்" என்ற குறி. வீரர் சரிசெய்ய முடியாத புகார் அது.

2024 ஜூனில் எகானமி 2.0 அப்டேட் வந்துதான் இது நேரானது. மானியத்தை எடுத்தார்கள், கண்ணுக்குத் தெரியாத வீட்டு உரிமையாளர் என்ற கணக்கை எடுத்துவிட்டுப் பராமரிப்புச் செலவைக் குடியிருப்பவர்களிடையே பங்கு பிரித்தார்கள், வெளியூர் ஆம்புலன்ஸும் தீயணைப்பும் வந்தால் கட்டணம் வைத்தார்கள். வெளியீட்டிலிருந்து எட்டு மாதம். நகர மேலாண்மை கேமில் பணமே பொருளற்றிருந்த எட்டு மாதம்.

கூரைமேல் கூரை

மோடைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. முதல் பாகம் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அதுதான். டிராஃபிக் மேனேஜர் இல்லாமல் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? சந்திப்பில் எந்த லேன் எங்கே சேரும் என்று ஒவ்வொன்றாக இழுத்து விடுவது, சிக்னல் நேரத்தை நொடிக் கணக்கில் வைப்பது, எல்லாம் விசிறிகள் எழுதியது. கட்டிடங்களும் அப்படித்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு வீட்டைச் செய்து, டெக்ஸ்சர் ஏற்றி, எடிட்டரில் இறக்குமதி பொத்தானை அழுத்தினால் உள்ளே வந்துவிடும்.

இரண்டாம் பாகத்துக்கு ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு பாரடாக்ஸின் சொந்த மேடையான பாரடாக்ஸ் மோட்ஸுக்குப் போனார்கள். கன்சோலிலும் மோட் ஓட வேண்டும் என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கோட் மோட்களுக்கே 2024 மார்ச் வரை முறையான வழி கிடையாது. சொந்தக் கட்டிடத்தை ஏற்றும் எடிட்டர் அதற்குப் பிறகும் நீண்ட நாள் வரவில்லை. கன்சோலுக்காக மாற்றிய மேடை. கன்சோல் பதிப்போ வரவே இல்லை. எட்டு வருடம் இலவசமாக உழைத்த படைப்பாளிகள் கையில் கருவி இல்லாமல் நின்றார்கள்.

அந்த நிலையில் 2024 மார்ச்சில் பீச் பிராப்பர்ட்டீஸ் என்று காசுக்கு ஒரு டிஎல்சி. கொஞ்சம் கடற்கரை வீடுகள், பனைமரங்கள். அடிப்படை கேம் சரியாகாதபோது இதற்குப் பணமா என்று ஸ்டீமில் மதிப்புரை தரைமட்டமானது. ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தந்து, அடிப்படை கேமோடு சேர்த்துவிட்டார்கள். செய்தது சரி. ஆனால் அந்த டிஎல்சியில் உழைத்த கைகள் எடிட்டரில் உழைத்திருக்க வேண்டும்.

செல்டாப்பித்தன்

தலைப்பில் கேட்ட கேள்விக்கு "எடுபடும்" என்று சொல்ல ஒரு உதாரணம் தருகிறேன். நிண்டெண்டோவின் செல்டா வரிசை. பிரெத் ஆஃப் த வைல்ட் 2017 மார்ச் 3. அதன் இரண்டாம் பாகமான டியர்ஸ் ஆஃப் த கிங்டம் 2023 மே 12. அதே ஸ்விட்ச் கன்சோல், அதே ஹைரூல் நிலப்பரப்பு. மலையும் ஆறும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அறிவித்தபோது "இது பெரிய டிஎல்சிதானே" என்று கேட்டவர்கள் நிறைய. முதல் மூன்று நாளில் ஒரு கோடி பிரதிகள் போயின.

மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். அல்ட்ராஹேண்ட்: எந்தப் பொருளையும் எந்தப் பொருளோடும் ஒட்டலாம். சொல்ல எளிது. ஆனால் உலகத்தில் சில பொருட்கள் இயற்பியலில் ஓடி, சில அனிமேஷனில் ஓடினால் ஒட்டிய உடனே உடையும். அனிமேஷனில் திறக்கும் கதவுக்கு எடை கிடையாது; நடுவில் ஒரு பலகையைச் செருகினால் கதவு பலகையை ஊடுருவிப் போகும். கேம் உருவாக்குபவர்கள் கூடும் 2024 ஜிடிசி மாநாட்டில் அந்தக் குழுவே விளக்கியது. விதிவிலக்கு வைக்காமல் எல்லாவற்றையும் இயற்பியலுக்கு மாற்றினார்கள். சுழலும் சக்கரமும் தூக்குக் கதவும்கூட எடை, சங்கிலி, விசையோடு நிஜமாக இயங்கும்படி ஆயிற்று. நிலத்தைப் புதிதாக வரைந்துகொண்டே இதைச் செய்திருக்க முடியாது.

புகாரைத் தீர்த்த விதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் பாகத்தில் ஆயுதம் சட்டென்று உடைகிறது என்பது பெரிய குறை. இரண்டாம் பாகத்தில் உடைவதை நிறுத்தவில்லை. ஆயுதங்களை இன்னும் பலவீனமாக்கி, ஆயுதத்தில் வேறு பொருளை ஒட்டும் ஃபியூஸைக் கொடுத்தார்கள். அரிக்கப்பட்ட வாளில் அரக்கனின் கொம்பை ஒட்டினால் தாக்குதல் பல மடங்கு ஏறும். உடைந்தால் கவலையில்லை, பையில் கொம்பு இருக்கிறது. எதிரியைக் கொல்வதற்கே புதுக் காரணம் கிடைத்துவிட்டது.

மேம்பாலம்

நிண்டெண்டோகிட்ட இருக்கற பணமும் ஆளும் வேறங்க. அந்த கேமைக் கிட்டத்தட்ட முடிச்ச பிறகு ஒரு வருஷம் மெருகு ஏத்தறதுக்குன்னே வெச்சுக்கிட்டாங்க. அந்த ஒரு வருஷம் கிடைச்சிருந்தா ஸ்கைலைன்ஸ் 2-க்கும் எல்ஓடி எல்லாம் செஞ்சிருப்பாங்க.

பட்டுநூல்

பணமும் ஆளும் மட்டும்தான் காரணம்னா ஹாலோ நைட்டோட இரண்டாம் பாகமான சில்க்சாங்கை என்ன சொல்வீங்க? அடிலெய்ட்ல இருக்கற டீம் செர்ரி, முக்கியமான ஆளுங்க மூணே பேர். ஹாலோ நைட் 2017, சில்க்சாங் 2025 செப்டம்பர் 4. அன்னைக்கு ஸ்டீம் உட்பட பல கடைகள் கொஞ்ச நேரம் படுத்துடுச்சு. ஆனா முதல் பாகம் சம்பாதிச்ச பணத்துல, பப்ளிஷர் தேதி எதுவும் இல்லாம வேலை பார்த்தாங்க. அந்த வகையில மேம்பாலம் சொன்னது பாதி சரி.

மீதிப் பாதி டிசைன். ஒரே ஒரு விஷயத்தைப் பிரிச்சுக் காட்டறேன், உயிர் நிரப்பற முறை.

ஹாலோ நைட்ல எதிரியை ஒரு அடி அடிச்சா 11 சோல்ங்கற சக்தி கிடைக்கும். உயிரை மாஸ்க் கணக்குல எண்ணுவாங்க. ஒரு மாஸ்க் நிரப்ப 33 சோல். அதாவது மூணு அடிக்கு ஒரு மாஸ்க். சில்க்சாங்ல ஒரு அடிக்கு ஒரு பட்டுநூல். நிரப்ப 9 நூல், கிடைக்கறது மூணு மாஸ்க். கணக்குப் போட்டா இங்கேயும் மூணு அடிக்கு ஒரு மாஸ்க்தான். விகிதத்துல கையே வைக்கல.

ஆனா ஆடற விதமே மாறிடுது. பழசுல மூணு அடி அடிச்சுட்டு, ஓரமா நின்னு ஒண்ணு நிரப்பிக்கலாம். நிரப்பும்போது அசையக் கூடாது, அதுதான் விலை. புதுசுல எட்டு நூல் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஒன்பதாவது அடி விழணும். அதுக்குப் பதிலா ஆகாயத்துல குதிச்சபடியே நிரப்பலாம், சீக்கிரம் முடியும். நடுவுல அடி வாங்கினா மொத்த நூலும் போச்சு. இதோட பல எதிரிங்க ஒரே அடியில ரெண்டு மாஸ்க் எடுக்கறாங்க. ஆரம்பத்துல இருக்கறது அஞ்சு மாஸ்க். ரெண்டு, ரெண்டு, மூணாவது அடியில சாவு. அதனால ஒதுங்கி ஒதுங்கி ஆடறவன் தோத்துடுவான், பாஞ்சு பாஞ்சு ஒன்பது அடியைச் சேர்க்கறவன் பொழைப்பான். சில்க்சாங் நாயகி ஹார்னெட்டோட சுபாவமே அந்தக் கணக்குல இருக்கு.

கீழ்நோக்கி அடிக்கறதும் அப்படித்தான். பழசுல நேர் கீழ. இவளுக்கு ஆரம்பத்துல 45 டிகிரி சாய்வு. முள்ளு மேல எகிறித் தாண்டற இடங்கள்ல பழைய ஆட்டக்காரங்க கை தடுமாறும். தாக்கற பாணியை மாத்தற வாண்டரர் கிரெஸ்ட் எடுத்தா நேர் கீழ அடிக்கறது திரும்பக் கிடைக்கும்.

இதுல தப்பும் உண்டு. ஆரம்பக் கட்டமே ரொம்பக் கடினம்னு நிறைய பேர் சொன்னாங்க, அது நியாயமான புகார். முதல் பேட்ச்லயே மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் ரெண்டு பாஸையும் கொஞ்சம் தளர்த்தினாங்க, ஓய்வெடுக்கற சில பெஞ்சுகளோட கட்டணத்தையும் குறைச்சாங்க.

சுற்றுப்பாதை

தோற்றதிலேயே எனக்கு மிகவும் வலிப்பது ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கேமான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2. 2019 ஆகஸ்டில் அறிவித்தபோது கொடுத்த வாக்கு: வேற்று நட்சத்திரப் பயணம், குடியேற்றங்கள், மல்ட்டிபிளேயர். இடையில் ஸ்டுடியோவே மாறியது. 2023 பிப்ரவரி 24-ல் 50 டாலர் விலைக்கு ஏர்லி ஆக்சஸில் (முழுமையாகும் முன்பே விற்கும் முறை) வந்தபோது அந்த மூன்றும் இல்லை. போதாக்குறைக்கு, முதல் பாகத்தில் இருந்த அறிவியல் முறையும் இல்லை, வளிமண்டலத்தில் திரும்பி நுழையும்போது வரும் வெப்பமும் இல்லை.

கேமின் தாய்க்கோளான கெர்பினிலிருந்து சுற்றுப்பாதைக்குச் செல்ல சுமார் 3,400 மீ/நொடி டெல்டா-வி (ராக்கெட் தரக்கூடிய வேக மாற்றம்) வேண்டும். வளிமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடியும். ஏறுவதில் எரிபொருள் கணக்கு, இறங்குவதில் வெப்பக் கணக்கு. வெப்பமே இல்லையென்றால் கேடயத்தின் எடையைச் சுமக்கத் தேவையில்லை, எந்தக் கோணத்தில் விழுந்தாலும் பிழைக்கலாம். பாதிக் கேம் அங்கேயே போய்விடுகிறது.

பழைய பிழைகளும் திரும்பி வந்தன. பாகங்களை இயற்பியல் மூட்டுகளால் இணைக்கும்போது, நீளமான ராக்கெட் நூடுல்ஸ் மாதிரி ஆடும். முதல் பாகம் இதற்கு ஆட்டோஸ்ட்ரட் என்ற தீர்வை எப்போதோ கண்டுவிட்டது. இரண்டாம் பாகத்தில் மறுபடி அதே ஆட்டம். எஞ்சினை அணைத்த பிறகும் சுற்றுப்பாதை தானாகத் தேயும் பிழை வேறு. பாதை நிலைக்காவிட்டால் இந்த கேமில் எதையும் நம்பித் திட்டமிட முடியாது. 2023 டிசம்பரில் ஃபார் சயன்ஸ் அப்டேட் வெப்பத்தையும் அறிவியலையும் கொண்டுவந்தது. அது நல்ல அப்டேட். அடுத்த ஆண்டு ஆட்குறைப்பு வந்து வேலை நின்றுபோனது. கற்ற பாடம் பழைய கோடில் இருக்கிறது, அதை எழுதியவர்கள் தலையில் இருக்கிறது. இரண்டும் புதுக் குழுவுக்கு வந்து சேராவிட்டால் அதே விலையை மறுபடி கொடுக்க வேண்டியதுதான்.

நகரவரைவன்

சுற்றுப்பாதை, இதனால்தான் ஐஸ்ஃபிளேக் கைமாற்றம் எனக்குக் கவலை தருகிறது. அதுவும் டாம்பெரே ஸ்டுடியோதான், சர்வைவிங் த ஆஃப்டர்மாத் செய்தவர்கள், கட்டும் கேம் தெரிந்தவர்கள். ஆனால் அந்த என்டிட்டி சிமுலேஷனையும் கையால் எழுதிய வரைதல் இணைப்பையும் படித்துப் புரிந்துகொள்ளவே மாதங்கள் பிடிக்கும். அவர்கள் முதலில் தொட வேண்டியது பெரிய நகரங்களில் சிமுலேஷன் வேகம், இரண்டாவது சொந்தக் கட்டிடம் ஏற்றும் எடிட்டர். புது டிஎல்சி இரண்டுக்கும் பிறகு வரட்டும்.

மேம்பாலத்துக்கும் ஒரு பதில். உச்சவரம்பை உடைக்க மறுபடி எழுதத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மற்ற எல்லாவற்றையும் பழையபடி விட்டிருக்கலாம். சிமுலேஷன், வரைதல், மோட் மேடை, கன்சோல் என்று நான்கையும் ஒரே வெளியீட்டில் மாற்றியதுதான் தாங்க முடியாத சுமை. செல்டா குழு நிலத்தைத் தொடவில்லை. டீம் செர்ரி மூன்று அடிக்கு ஒரு மாஸ்க் என்ற விகிதத்தைத் தொடவில்லை.

மேம்பாலம்

மோட் மேடையைத் தொட்டிருக்க வேண்டாம்ங்கறதை ஏத்துக்கறேன். வரைதலை ஏத்துக்க மாட்டேன். பழைய வரைதல்ல அத்தனை ஆளையும் வண்டியையும் காட்டவே முடியாது, சிமுலேஷனோட அதுவும் சேர்ந்துதான் மாறணும்.

ஐ5வாசி

சரி, இப்போ வாங்கலாமா வேணாமா?

ஷேடர் செல்வன்

வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம் தம்பி. ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் புது நகரம் கட்டிச் சோதிக்காதீர்கள்; 2 மணி நேரத்தில் பத்தாயிரம் ஜனத்தொகை வந்தாலே பெரிது, அந்த அளவில் பிராசஸரின் திணறல் தெரியாது.

பாரடாக்ஸ் மோட்ஸில் மற்றவர்கள் ஏற்றிய சேவ் கோப்புகள் உண்டு. வேறு மோட் எதுவும் கேட்காத, ஒரு லட்சம் ஜனத்தொகை உள்ள ஒன்றை எடுங்கள். முதலில் மேலே சொன்ன செட்டிங்குகளைப் போட்டுவிட்டு அதை ஏற்றுங்கள். ஸ்டீம் லாஞ்ச் ஆப்ஷனில் டெவலப்பர் மோடை இயக்கியிருந்தால் டேப் கீயில் ஒரு பட்டியல் திறக்கும். அதில் சிமுலேஷன் பகுதியில் உண்மையான வேகம் எண்ணாகத் தெரியும். வேகத்தை மூன்றில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கேமராவை நகர மையத்தில் தரைமட்டத்துக்கு இறக்கி ஃபிரேமையும் பாருங்கள். மூன்றாம் வேகத்திலும் முதல் வேகம் போலவே ஊர்ந்தால் உங்கள் பிராசஸருக்கு எல்லை அதுதான். சின்ன ஊர்கள் கட்டுவதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், பெருநகரம்தான் ஆசை என்றால் திருப்பிக் கொடுங்கள். அதிகாரப்பூர்வ பரிந்துரை ஐ5-12600கே, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3080. மோட் நிறைய ஏற்றும் எண்ணம் இருந்தால் ராமை 32 ஜிபி ஆக்கிவிட்டு வாங்குங்கள்.